இடைவெளியும் விலக்கும்



ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோரிடத்திலும் இருந்து கல்வி நடைபெறுமாயின், அவ்விருவர்க்கும் இடையே அன்பு நிலைபெறுமா? நிலைபெறுமெனில் எதனால் நிலைபெறுகிறது? நிலைபெறாதெனில் குற்றம் தூரத்தினுடையதா, மனத்தினுடையதா? இக்கேள்வியை நான் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டேனில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னை நோக்கிக் கூறிய ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அவ்வாக்கியத்தை அதற்குரிய இடத்தில் சொல்லுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதை யாவரும் அறிவோம். கொரோனா என்னும் கொள்ளைநோய் மூச்சின் வழியே பரவுவது. ஆகலின் மக்கள் ஒருவரையொருவர் நெருங்காதிருத்தலே அதற்கு முதல் தடையாயிற்று. யூனிசெப் நிறுவனத்தின் கணக்கின்படி நம் நாட்டில் 15 லட்சம் பள்ளிகள் மூடப்பட்டன. 24 கோடியே 70 லட்சம் பிள்ளைகள் வகுப்பறையை இழந்தனர். கல்வியைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் சுமந்து செல்லும் என்றனர். கேரளத்தில் 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் அலைவரிசையில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பிற மாநிலங்களும் தத்தமக்கு இயன்றதைச் செய்தன.

ஆயின் அக்கருவிகள் யார் வீட்டில் இருந்தன? 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்திய வீடுகளில் நூற்றுக்கு 24-இல் மட்டுமே இணைய வசதி உண்டென்றது. சிற்றூர்களிலோ நூற்றுக்கு 15. 2021 ஆகஸ்டு மாதத்தில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளை நேரில் கண்டு ஆய்ந்தவர்கள், சிற்றூர்ப் பிள்ளைகளில் நூற்றுக்கு 8 பேரே இணைய வழியில் ஒழுங்காகப் படித்தனர் என்று எழுதினர். அவர்களுள்ளும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 4 பேர். இக்கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் நின்றனர் என்பதை நான் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு சொல்லின் வடு

அந்நாட்களில் எங்கும் ஒலித்த சொல் 'சமூக இடைவெளி' என்பது. அச்சொல்லைக் கேட்டபோது நம் முதியோர் பலருக்கு நெஞ்சு சுருக்கென்றது. இத்தனை அடி விலகி நில் என்று கட்டளையிட்டுப் பல நூற்றாண்டுகள் நம்மைத் தெருவோரத்தில் நிறுத்திய நாடு இது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் நீக்கிய தூரத்தை நெஞ்சு நீக்கிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் மாதத்திலேயே 'உடல் இடைவெளி' என்னும் சொல்லைக் கைக்கொண்டது. விலகவேண்டியது உடலே, உறவு விலகவேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

அவ்வாறாயின் உடலின் தூரமும் உறவின் தூரமும் வெவ்வேறானவையா? வெவ்வேறானவையே என்பதற்குப் போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே சான்று.

சாதாராவில் பள்ளிச் சிறுவனாக அவர் கற்ற நாளில் ஆசிரியர் அதே அறையில்தான் இருந்தார். ஆசிரியருக்கும் அவருக்கும் இடையே சில அடிகளே தூரம். ஆயினும் அச்சிறுவர் வீட்டிலிருந்து கொணர்ந்த சாக்குத் துணியைத் தனியே விரித்து அதன்மேல் அமரவேண்டும். தாகமெடுத்தால் பள்ளிப் பணியாள் வந்து நீர் வார்க்கவேண்டும். பணியாள் வாராத நாளில் நீரில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே குரலைக் கேட்டிருந்தும் அவர் ஆசிரியரின் நெஞ்சில் இடம்பெறாதவராய் இருந்தார்.

1913-இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஜான் டூயி என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அவ்வகுப்பில் அவருக்கெனத் தனிச் சாக்கு விரிக்கப்படவில்லை. 1916-இல் நியூயார்க்கை விட்டு அவர் நீங்கியபின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பெருங்கடல் கிடந்தது. 1952 ஜூன் மாதத்தில் அதே பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டம் பெற அங்கே சென்றவர் தம் ஆசிரியரைக் காண விழைந்தார். ஜூன் 1-ஆம் நாளே டூயி மறைந்தார் என்னும் செய்திதான் கிடைத்தது. தம் அறிவு வாழ்வு முழுவதற்கும் அவருக்குக் கடன்பட்டிருப்பதாகத் தம் துணைவியாருக்கு எழுதிய மடலில் அவர் வருந்தினார். சில அடித் தூரத்தில் இருந்தவர் அயலாராயினர். கடலுக்கு அப்பால் இருந்தவர் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தும் ஆசிரியராகவே இருந்தார். ஆசிரியரின் தூரத்தை அளக்கும் கோல் அடிக்கோல் அன்று என்பது இதனால் விளங்கவில்லையா?

நமக்கு இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரும், ஊப்ளியிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த நம்மவரும் அதனைப் படித்தனர். அவர்களுட் பலர் பண்டிதரின் முகத்தைக் கண்டவரல்லர். ஆயினும் வாசகர் தம் ஐயங்களை எழுதி அனுப்ப, அவற்றிற்கு இதழில் விடை வந்தது. கேள்விக்கு விடை வந்தமையாலன்றோ அச்சடித்த தாள் ஆசிரியராயிற்று!

தறிக்கூடத்துப் பாடம்

இனி என் வாழ்வில் கண்டதைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறமும் சில ஆண்டுகளில் மங்கிற்று. பதினெட்டாம் வயதில் பெங்களூரில் ஒரு நெசவாலையில் சேர்ந்தேன். நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும் கூடத்தில் காதருகே வாய்வைத்துக் கூவினாலும் சொல் கேளாது. நாங்கள் உதட்டசைவையும் கைக்குறியையும் கொண்டே பேசிக்கொள்வோம்.

என் தறிக்கு எதிர் வரிசையில் ஒரு முதியவர் தறி ஓட்டினார். எனக்குப் படிப்பு வராது என்பதைச் சம்பளப் புத்தகத்தில் நான் கையொப்பமிடத் தயங்கியபோது கண்டுகொண்டார். மறுநாள் முதல், துணியில் அடையாளமிடும் சுண்ணக்கட்டியால் தம் தறியின் இரும்புச் சட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவைப்பார். நான் என் சட்டத்தில் அதைப் பார்த்தெழுதி, உதட்டசைத்துப் படித்துக் காட்டவேண்டும். பிழையெனில் தலையசைப்பார், சரியெனில் அழித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதுவார். உணவு வேளை எங்கள் இருவர்க்கும் வெவ்வேறு. குடியிருப்பும் நகரின் வெவ்வேறு கோடியில். இரண்டாண்டுகளில் அவர் என் பக்கத்தில் அமர்ந்து பாடம் சொன்ன நாள் ஒன்றுகூட இல்லை. இரண்டாண்டின் முடிவில் நான் செய்தித்தாள் படித்தேன்.

ஒருமுறை காய்ச்சலால் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. என் தறியில் மாற்றாள் நிற்பதைக் கண்ட முதல் நாளே அவர் விசாரித்து, என் தெருவிலிருந்து வரும் தொழிலாளியிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்தனுப்பினார். அதில் ஆறு சொற்களும், கீழே 'கஞ்சி குடித்தாயா?' என்னும் கேள்வியும் இருந்தன. நான் பிறர் துணையின்றிப் படித்த முதல் கடிதம் அதுவே. ஆலை மூடப்பட்டது, அவரும் மறைந்தார். அத்தாள் இன்றும் என் பெட்டியில் உள்ளது.

என் குற்றம்

இத்தகைய ஆசிரியரிடம் கற்றவன் எவ்வளவு விழிப்புடையவனாய் இருந்திருக்கவேண்டும்! ஆயின் நடந்தது வேறு. எங்கள் சங்கக் கூடத்தில் மாலை வகுப்பில் 22 பிள்ளைகள் பயின்றனர். ஊரடங்கில் கூடம் பூட்டப்பட்டது. இளைஞர் சிலர் உதவியால் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு அமைத்து, நாள்தோறும் காலையில் ஒரு நீதிக்கதையும் ஒரு கணக்கும் என் குரலில் பதிந்து அனுப்பினேன். கேட்டவர் பெயருக்கு எதிரே இரட்டைக்குறி நீலநிறமாகும் என்று சொல்லித்தந்தனர். நாள்தோறும் நீலக்குறிகளை எண்ணிப் பார்த்து மகிழ்ந்தேன். ஒருநாளும் தவறாது பேசினேன் என்று செயற்குழுவிலும் பாராட்டுப் பெற்றேன்.

2021-இன் இறுதியில் கூடம் திறந்தபோது பதினைந்து பேரே வந்தனர். வாராதவருள் ஒரு சிறுவனைச் சந்தையில் அவன் மாமன் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருக்கக் கண்டேன்.

"தம்பி, நாள்தோறும் பாடம் அனுப்பினேனே, நீ கேட்கவில்லையா?" என்றேன்.

"ஐயா, கைப்பேசி அப்பாவினுடையது. அவர் காலை ஆறு மணிக்குக் கட்டட வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். திறக்காமல் விட்டால் தாங்கள் வருந்துவீர்கள் என்று அவரே வேலைக்களத்தில் திறந்துவைப்பார்" என்றான். சிறிதுநேரம் தராசையே பார்த்திருந்துவிட்டு, "நாள்தோறும் பேசினீர்கள் ஐயா, நான் இருக்கிறேனா என்று ஒருநாளும் கேட்கவில்லையே" என்றான்.

அன்பர்களே, அவன் என்னைக் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னான். தந்தையின் மரியாதையை நான் மகனின் கல்வியென்று எண்ணிக் கணக்கிட்டிருந்தேன்.

நல்லெண்ணம் போதுமா?

இங்கே ஒரு தடை எழும். 'உமக்குத் தீய எண்ணம் இல்லையே. எண்ணமே வினை என்பதன்றோ பகவன் போதனை? அவனை விலக்க வேண்டுமென்று நீர் எண்ணாதபோது குற்றம் எங்கே?' என்று சிலர் எனக்குச் சமாதானம் கூறினர். இச்சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஏனெனில் பகவன் நல்லெண்ணத்தோடு அப்பிரமாதம் என்னும் சோர்வின்மையையும் சேர்த்தே போதித்தார். எல்லா உயிர்களும் நலமுறுக என்று மைத்திரி பாவிப்பது வெயிலைப் போன்றது. அது எவரையும் பெயர் கேட்பதில்லை. ஆசிரியரின் அன்போ அத்தகையதன்று. அது இன்னார் மகன், இன்ன இடத்தில் தடுமாறுகிறான், இன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒருவனை ஒருவனாகவே அறிவது. பொதுவான அன்பை வைத்துக்கொண்டு தனியொருவனை மறப்பது எளிது. நான் 22 பிள்ளைகளையும் நேசித்தேன், அவனை மறந்தேன்.

ஆகவே இரு சொற்களை நாம் பிரித்தறிய வேண்டும். இருவருள் ஒவ்வொருவரும் மற்றவரை மனத்தில் வைத்திருக்க, இடையே கிடக்கும் வெளி இடைவெளி. ஒருவர் மற்றவரை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டால் அது விலக்கு. விலக்குக்குப் பகைமை வேண்டுவதில்லை. விசாரியாமை ஒன்றே போதும். நோய்க்காலத்தில் மாணவரை நெருங்காதிருந்தது அகிம்சை. நெருங்காதிருந்து விசாரியாமலும் இருந்தது கைவிடுதல். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வக்கலி என்னும் பிக்குவின் வரலாற்றை நினைவுகூருங்கள். இராசகிருகத்தில் ஒரு குயவன் வீட்டில் அவர் நோயுற்றுக் கிடந்தார். பகவனைக் காண வேண்டுமென்று நெடுநாள் ஏங்கியதாகச் சொன்னார். அதற்குப் பகவன், அழியும் இவ்வுடலைக் காண்பதில் என்ன இருக்கிறது, தம்மத்தைக் காண்பவனே தம்மைக் காண்கிறான் என்னும் கருத்துப்பட உரைத்தார். உடலருகாமை இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் தெளிவான போதனை இல்லை. ஆயின் அதை எங்கே நின்று உரைத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. நோயாளி செய்தி அனுப்ப, தாமே குயவன் வீட்டுக்கு நடந்து வந்து, படுக்கையருகே இருந்தன்றோ உரைத்தார்! நேரில் வரவேண்டுவதில்லை என்று சொல்லும் உரிமை, வருவதற்கு ஆயத்தமாயிருப்பவருக்கே உண்டு. வாராமலே அதைச் சொல்பவர் சாக்குச் சொல்கிறார்.

ஆசிரியரின் ஐந்து கடமைகள்

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் ஆறு திசைகளை விளக்கியபோது, ஆசிரியரைத் தென்திசையாகக் கொண்டு, அவர் மாணவருக்குச் செய்யும் ஐந்து கடமைகளைக் கூறினார். நன்கு பழக்குதல், நன்கு பற்றிக்கொள்ளச் செய்தல், ஒன்றையும் ஒளியாது கற்பித்தல், நண்பரிடையே அவனைப் பற்றி நன்கு எடுத்துரைத்தல், எத்திசையிலும் அவனுக்குக் காப்பாயிருத்தல் என்பன அவை. இவற்றை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அச்சிறுவன் பேசிய பிறகே ஐந்தாவதன் பொருள் எனக்கு விளங்கியது. எத்திசையிலும் காப்பாவது எங்ஙனம்? மாணவன் ஆசிரியரின் கண்ணுக்கு அப்பால் சென்ற பிறகும் என்பதே அதன் பொருள். தூரத்தில் இருப்பவனுக்குச் செய்யவேண்டியதைப் பகவன் முன்னரே விதித்துவைத்தார்.

இவ்வைந்தையும் தொலைவிலிருந்து செய்வதெங்ஙனம்? பாடம் அனுப்புவதோடு நில்லாமல் மறுமொழி பெறுதல் வேண்டும். மறுமொழி வராவிடில் மறுநாள் பாடத்தை நிறுத்திவைத்தேனும் காரணம் தேடுதல் வேண்டும். கருவி யாருடையது, எந்நேரம் வீட்டில் இருக்கும் என்று அறிதல் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத்தான் கைப்பேசி கிடைக்குமெனில் இரவு ஒன்பது மணியே வகுப்பு நேரம். வீட்டின் வறுமையைப் பிறர் காணும்படி முகம் காட்டச் சொல்லி எப்பிள்ளையையும் நாணவைத்தல் ஆகாது. கருவியே இல்லாதவனுக்குத் துண்டுத் தாள் ஒன்று போதும். என் முதியவர் அதைத்தானே செய்தார்? 'கஞ்சி குடித்தாயா?' என்பதற்குப் பின்னரே பாடம்.

மாணவர்க்கும் கடமையுண்டு. ஊரடங்கில் தனியார் பள்ளி ஆசிரியர் பலர் ஊதியமின்றித் தவித்தனர். கூலிவேலைக்குச் சென்றோரும் உண்டு. தம் ஆசிரியர் நலமா என்று எத்தனை வீடுகளிலிருந்து விசாரித்தோம்? உறவு என்பது இருபுறமும் ஓடும் இழை. ஒருபுறம் மட்டும் இழுத்தால் அறுந்துபோம்.

ஏழு பேருக்காகப் பதினைந்து பேரை நிறுத்தலாமா?

இன்னொரு கேள்வி கடினமானது. பதினைந்து பேருக்குப் பாடம் சென்றடையும். ஏழு பேருக்குச் சென்றடையாது. அப்போது பாடத்தை நடத்துவது நீதியா? நடத்தினால் பதினைவர் முன்னேற ஏழ்வர் பின்தங்குவர், வேற்றுமை வளரும். நடத்தாவிடில் அனைவரும் சமமாயிருப்பர், ஆனால் அறியாமையில் சமமாயிருப்பர். அத்தகைய சமத்துவத்தை நாம் வேண்டுவோமா?

நம் வீட்டுத் தாய்மார் இதற்கு வழி காட்டியுள்ளனர். ஒரு பிள்ளை இன்னும் வீடு திரும்பவில்லையென்று தாய் மற்றப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதில்லை. ஆயின் வாராதவன் பங்கை முதலில் எடுத்து மூடிவைக்கிறாள். பிறகே மற்றவருக்குப் பரிமாறுகிறாள். பரிமாறும்போதே அவனைத் தேடிவர ஒருவனை அனுப்புகிறாள். கல்விக்கும் இதுவே நியாயம். பாடம் நடக்கட்டும், ஆனால் சென்றடையாதவருக்கான நேரத்தையும் உழைப்பையும் முதலில் எடுத்துவைத்துவிட்டு நடக்கட்டும். நான் பரிமாறினேன், பங்கெடுத்து வைக்கவில்லை.

இதனால் தொலைவிலிருந்தே எல்லாக் கல்வியும் நடத்திவிடலாம் என்று நான் சொல்லுவதாக எவரும் கொள்ளற்க. எழுத்தறியாச் சிறுபிள்ளைக்குக் கையைப் பிடித்து எழுதிக்காட்டும் கை வேண்டும். உடன் விளையாடத் தோழர் வேண்டும். பல பிள்ளைகளுக்குப் பள்ளியின் பகலுணவே அன்றைய முதலுணவு. நாட்டின் சிற்றூர்களில் எடுக்கப்படும் அசர் ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018-இல் நூற்றுக்கு 27.3 பேர், 2022-இல் 20.5 பேர். கர்நாடகத்தில் 2020 ஆகஸ்டில் 'வித்யாகம' என்னும் திட்டத்தின்கீழ் ஆசிரியர்கள் பிள்ளைகள் வாழும் இடத்துக்கே சென்று, சிறுசிறு குழுவாகத் திறந்தவெளியில் கற்பித்தனர். ஆசிரியர்க்கும் பிள்ளைகட்கும் நோய் கண்டதால் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் மீண்டும் நடந்தது. நெருங்கவும் வேண்டும், தீங்கும் செய்யலாகாது என்னும் இரண்டு அறங்களுக்கிடையே அவர்கள் பட்ட பாடு அது. அவர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. தூரம் மருந்து போன்றது, நோயுள்ளவரை கொள்ளத்தக்கது, உணவாகக் கொள்ளத்தக்கதன்று.

முடிவாக ஒரு சொல்

அச்சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மறுவாரம் முதல், பிற்பகலில் விற்பனை ஓய்ந்த வேளையில், மாமனின் இசைவோடு அக்கடையில் ஒரு சாக்குமூட்டையின்மேல் அமர்ந்து அவனுக்குப் பாடம் சொன்னேன். அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வெழுத இப்போது பதிந்துகொண்டுள்ளான். இழந்த ஆண்டுகளை என்னால் திருப்பித்தர இயலவில்லை. இதை மறைக்கவும் விரும்பவில்லை.

கொள்ளைநோய் நீங்கிற்று, தூரம் நீங்கவில்லை. விடுதியில் விட்ட பிள்ளைகள், வேலை தேடிப் போன பெற்றோருடன் ஊர்விட்டு ஊர் செல்லும் பிள்ளைகள், வகுப்பறையிலேயே கடைசி வரிசையில் பெயரறியப்படாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இன்றும் உளர். ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் மாலை வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வருகைப் பதிவேட்டில் வந்தவரை எண்ணுவதற்கு முன் வாராதவரை எண்ணுங்கள். எண்ணியபின் அவர்களில் ஒருவர் வீட்டுக்கேனும் அன்றைக்கே சென்று வாருங்கள். செல்ல இயலாவிடில் ஒரு தாள் அனுப்புங்கள்.